ஜப்பானின் ஹார்ட்கோர் பட்டம் எது? பட்டியலை எங்கே தொடங்குவது?

#1 பழையகேசட்

வணக்கம். ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தில் ஹார்ட்கோர் பட்டத்தின், அதாவது விதியில்லாமல் கைக்குக் கிடைத்ததை ஆயுதமாக்கி மோதும் சண்டைக்கான பட்டத்தின், வரலாற்றை நம் குழுமத்தின் தொகுப்புப் பக்கத்துக்காக எழுதித் தருவதாகச் சென்ற மாதம் வாக்குக் கொடுத்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் எந்தப் பட்டத்தைப் பற்றி எழுதுவது என்ற கேள்வியே எழுந்தது.

அமெரிக்காவில் இந்தக் குழப்பம் இல்லை. 1998 நவம்பரில் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) நிகழ்ச்சியில் அதன் முதலாளி வின்ஸ் மெக்மஹோன் ஓர் உடைந்த பழைய பெல்ட்டை மேன்கைண்ட் என்ற வீரரிடம் கொடுத்தார். 2002 ஆகஸ்டில் ராப் வான் டாம் அதை இன்டர்காண்டினென்டல் பட்டத்தோடு இணைத்து முடித்துவைத்தார். பிறந்த நாளும் இறந்த நாளும் உள்ள பட்டம் அது. இடையில் ரேவன் மட்டும் 27 முறை வென்றார் என்று கணக்குப்போட்டு எழுதிவிடலாம்.

ஜப்பானில் என் முன்னால் மூன்று பெல்ட்டுகள் கிடக்கின்றன. அட்சுஷி ஓனிடா என்ற வீரர் 1989இல் தொடங்கிய எஃப்எம்டபிள்யூ நிறுவனத்தின் பிராஸ் நக்கிள்ஸ் பட்டம் ஒன்று. பிக் ஜப்பான் நிறுவனம் 1998 முதல் நடத்திவரும் டெத்மேட்ச் ஹெவிவெயிட் பட்டம் இன்னொன்று. டிடிடி நிறுவனம் 2000இல் உருவாக்கிய அயர்ன்மேன் ஹெவிமெட்டல்வெயிட் பட்டம் மூன்றாவது. இவற்றில் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் ஒரு கோடு இழுத்து, ஒரே வம்சமாக எழுதிவிடலாமா என்பதே என் கேள்வி.

#2 மூன்றாம்எண்ணிக்கை

இழுக்க முடியாது என்பது என் கருத்து. இந்த மூன்றும் மூன்று தனி நிறுவனங்களுக்குச் சொந்தமான பெல்ட்டுகள். ஒன்றுக்கொன்று கைமாறியதே இல்லை. ஒரு கடை மூடியது, வேறு ஊரில் வேறொருவர் அதே பலகாரத்தைப் போட்டார் என்பதற்காக இரண்டாவது கடையை முதல் கடையின் கிளை என்று சொல்ல மாட்டோம்.

தவிர, "ஹார்ட்கோர்" என்ற சொல்லே அங்கே இரவல் சரக்கு. முள்கம்பி, கண்ணாடி, வெடி என்று ஆயுதங்களோடு நடக்கும் இந்த வகைக்கு ஜப்பானிய ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் டெத்மேட்ச். பெயரிலேயே ஹார்ட்கோர் என்று பொறித்த பட்டம் வேண்டுமென்றால், எஃப்எம்டபிள்யூவின் கடைசி ஆண்டுகளில் வந்த டபிள்யூஇடபிள்யூ ஹார்ட்கோர் பட்டம்தான் உண்டு. கின்டாரோ கனெமுரா என்ற வீரர் அதைக் கட்டியிருந்தார். பெயர்ப் பொருத்தத்தை மட்டும் பார்த்தால் உங்கள் கட்டுரை அந்தச் சிறிய பெல்ட்டோடு ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

#3 பழையகேசட்

பெயர்ப் பொருத்தம் என் நோக்கமன்று. எந்தப் பெல்ட்டைக் காட்டி "விதியில்லாத சண்டையில் இவனே முதல்வன்" என்று ஜப்பானில் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். அந்த வகையில் பிராஸ் நக்கிள்ஸ்தான் மூத்தது அல்லவா? அந்தப் பெயரும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பல பத்தாண்டுகள் புழங்கிய ஒரு பட்டத்தின் பெயர்.

#4 வேலிக்கம்பி

பெயர் டெக்சாஸிலிருந்து வந்திருக்கலாம்; சண்டை முறை வந்தது மெம்பிஸ் பக்கத்திலிருந்து. 1981இல் மிசிசிப்பி மாநிலத்தின் டூப்பலோ ஊரில் ஒரு போட்டி முடிந்த பிறகு சண்டை ரிங்கை விட்டு இறங்கி, அரங்கின் தின்பண்டக் கடைக்குள் நுழைந்துவிட்டது. ஒரு பக்கம் ரிக்கி மோர்ட்டனும் எடி கில்பர்ட்டும். மறுபக்கம் பயிற்சிக்காக அமெரிக்கா அனுப்பப்பட்டிருந்த மசனோபு ஃபுச்சியும் அட்சுஷி ஓனிடாவும். கடையில் கைக்குக் கிடைத்த கடுகுச் சாஸ் ஜாடிகள் தலைகளில் உடைந்தன. அதைப் பார்க்கிறவருக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு யாருக்கோ உண்மையிலேயே அடிபட்டுவிட்டது போலத் தோன்றும், அதன் பிறகு இரண்டும் கலந்துவிடும்.

அப்போது ஓனிடா ஆல் ஜப்பான் நிறுவனத்தின் இளம் நட்சத்திரம். 1982இல் என்டபிள்யூஏ இன்டர்நேஷனல் ஜூனியர் ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். மறு ஆண்டில் ஒரு வெற்றிக்குப் பிறகு ரிங்கிலிருந்து கீழே குதித்தபோது முழங்கால் சில்லு நொறுங்கியது. 1985 தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். நன்றாகப் பறக்கத் தெரிந்த ஒருவரிடமிருந்து கால் பறிபோனால் அவர் எதை வைத்துப் பிழைப்பார்? முள்கம்பியை வைத்து. எஃப்எம்டபிள்யூ நிறுவனத்தை ஐம்பதாயிரம் யென் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினார் என்ற கதையை அவருடைய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். கதையில் உப்புக் கூடியிருக்கலாம். கையில் காசு இல்லாதவர் செய்த தொழில் அது என்பதில் ஐயமில்லை.

எனவே பழையகேசட் அவர்களே, உங்கள் கட்டுரையின் முதல் வரியில் பெல்ட் இருக்கக் கூடாது. உடைந்த முழங்கால்தான் இருக்க வேண்டும்.

#5 மூன்றாம்எண்ணிக்கை

வேலிக்கம்பி சொல்வதை அடியொற்றி இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். எஃப்எம்டபிள்யூவின் பெருமைமிக்க இரவுகளைத் திரும்பிப் பார்த்தால், பெல்ட் பல நேரம் ஓரமாகவே நிற்கிறது.

1990 ஆகஸ்ட் 4ஆம் நாள் டோக்கியோவின் ஷியோடோமேயில் ஓனிடாவும் டார்சான் கோத்தோவும் மோதிய மின்வெடி முள்கம்பிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ரிங்கின் கயிறுகளைக் கழற்றிவிட்டு முள்கம்பி கட்டி, அதில் சிறிய வெடிகளைப் பொருத்தியிருந்தார்கள். உடல் பட்ட இடத்தில் அவை வெடிக்கும். டோக்கியோ ஸ்போர்ட்ஸ் நாளிதழ் அந்த ஆண்டின் சிறந்த போட்டி என்ற விருதை அதற்கே கொடுத்தது. ஆண்டின் சிறந்த வீரர் விருதும் ஓனிடாவுக்கே போனது. நியூ ஜப்பான், ஆல் ஜப்பான் என்ற பெரிய நிறுவனங்கள் இரண்டும் கோலோச்சிய காலத்தில், திறந்த வெளியில் வெடி வைத்து நடத்திய ஒரு சண்டைக்கு அந்த விருது. அந்தப் போட்டியை நினைவில் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப்பாருங்கள்: வெடித்த புகையைச் சொல்வார்கள், கோத்தோவின் முதுகைச் சொல்வார்கள், பெல்ட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

1993 மே 5 கவசாகி மைதானம் இன்னும் தெளிவான சான்று. அமெரிக்க மூத்த வீரர் டெர்ரி ஃபங்க்கை வென்ற ஓனிடா வெளியேறிவிட்டார். ரிங்கில் நேரவெடி ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபங்க் எழ முடியாமல் உள்ளே கிடக்கிறார். ஓனிடா திரும்ப ஓடிவந்து, அவரை எழுப்பப் பார்த்து, முடியாமல் போகவே அவர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்கிறார்; வெடி வெடிக்கிறது. வென்றவர், தோற்றவரின் உடலுக்குத் தம் உடலை மூடியாக வைத்த காட்சி அது. இதை எந்தப் பட்டப் பட்டியலின் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

#6 மஞ்சள்நாற்காலி

மூன்றாம்எண்ணிக்கை ஒருபக்கமாகவே பேசுகிறார். 1995 மே 5 அன்று அதே கவசாகியில், ஓனிடா தம் ஓய்வுப் போட்டியில் எஃப்எம்டபிள்யூவின் இளம் வீரர் ஹயபுசாவோடு வெடிக்கூண்டுக்குள் இறங்கியபோது பிராஸ் நக்கிள்ஸ் பட்டம் பணயத்தில் இருந்தது. நிறுவனம் அறிவித்த கூட்டம் 58,250. அவர் வென்று, பெல்ட்டோடு ஓய்வு பெற்றதால் பட்டம் காலியானது. அந்த இரவில் பெல்ட் ஓரமாக நிற்கவில்லை; ஓனிடாவுக்குப் பிறகு யார் என்ற கேள்வியே அந்தப் பெல்ட்டின் வடிவில்தான் அங்கே இருந்தது. ஹயபுசா பின்னாளில் அதை வென்று கட்டியபோது ரசிகர்கள் கொண்ட நெகிழ்ச்சிக்கும் காரணம் அதுதான்.

#7 மூன்றாம்எண்ணிக்கை

ஏற்கிறேன். ஆனால் அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 1997 செப்டம்பர் 28, மறுபடியும் கவசாகி. மசாட்டோ தனகா, கிளாடியேட்டர் என்ற பெயரில் ஆடிய மைக் ஆசமை வென்று பட்டத்தைப் பெற்றார். அருமையான போட்டி; ஆனால் அதன் சுவையெல்லாம் முழங்கை அடியிலும் தூக்கி எறிதலிலும் இருந்தது. அன்றைய கடைசிப் போட்டியோ ஓனிடாவும் கனெமுராவும் மோதிய வெடிக்கூண்டு. அதில் பெல்ட் இல்லை. ஓனிடாவின் எதிர்காலமும் கனெமுரா அணியின் எதிர்காலமும்தான் பணயம்.

அதாவது, "ஹார்ட்கோர் நிறுவனம்" என்று உலகம் அழைத்த இடத்தில், அதன் முதன்மைப் பட்டம் சாதாரண விதியில் கைமாறுகிறது. முள்கம்பியும் வெடியும் பட்டமில்லாத போட்டிக்குப் போய்விடுகின்றன. அந்தப் பட்டத்தை ஹார்ட்கோர் பட்டம் என்று எழுதினால், படிக்கிறவர் பழைய ஒளிப்பதிவைத் தேடிப் பார்த்துவிட்டு உங்களைத்தான் திட்டுவார்.

#8 பழையகேசட்

இந்த 1997 செய்தி என் கணக்கைப் புரட்டிப்போட்டுவிட்டது. பிராஸ் நக்கிள்ஸ் என்பது எஃப்எம்டபிள்யூவின் தலைமைப் பட்டம். நிறுவனம் முள்கம்பியோடு இருந்தவரை பட்டமும் முள்கம்பியோடு இருந்தது, நிறுவனம் மாறியபோது பட்டமும் மாறியது. இப்படி எழுதினால் சரியாக இருக்குமா?

#9 வேலிக்கம்பி

சரியாக இருக்கும். நிறுவனம் மாறியதன் முடிவையும் ஒரு வரி எழுதுங்கள். 2001 அக்டோபர் 22 அன்று டோக்கியோவின் கோராகுஎன் ஹாலில் ஹயபுசா கயிற்றிலிருந்து பின்பக்கமாகத் தாவும்போது கால் வழுக்கித் தலைகுப்புற விழுந்தார். கழுத்து முறிந்து உடல் செயலிழந்தது. அன்று அவர் மேல் முள்கம்பியும் படவில்லை, வெடியும் படவில்லை. நூறு முறை செய்து பழகிய ஒரு தாவல். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நிறுவனம் கடனில் மூழ்கியது. ஹயபுசா 2016 மார்ச் 3இல் காலமானார். டெத்மேட்ச்தான் ஆபத்து, மற்றதெல்லாம் பத்திரம் என்று பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் இந்தத் தேதியைத்தான் சொல்வேன்.

#10 புதிதாய்வந்தவன்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பிக் ஜப்பான் பட்டம் உண்மையில் டெத்மேட்ச் என்ற பெயரையே வைத்திருக்கிறதே. அதிலிருந்தே பட்டியலைத் தொடங்கினால் சண்டை தீர்ந்துவிடாதா?

#11 தென்திசை

தம்பி கேட்டது நல்ல கேள்வி. பிராஸ் நக்கிள்ஸ் பட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறேன்.

பிக் ஜப்பானை 1995இல் கிரேட் கோஜிகாவும் கெண்டோ நாகசாகியும் யோகோஹாமாவை மையமாக வைத்துத் தொடங்கினார்கள். தொடக்க ஆண்டுகளில் பிரான்ஹா மீன்தொட்டி, முதலை என்றெல்லாம் விளம்பரம் செய்து கூட்டம் சேர்த்தார்கள். அவற்றை வித்தைக்காட்டல் என்ற கணக்கில்தான் நான் வைப்பேன். 1998இல் டெத்மேட்ச் பட்டம் வந்த பிறகு ஒரு புதிய வழக்கம் வேரூன்றியது. ஒவ்வொரு பட்டப் போட்டிக்கும் தனித்தனியே ஒரு சண்டை முறை அறிவிக்கப்படும். போட்டியின் பெயரே பொருள்களின் பட்டியலாக நீளும்: டியூப்லைட் இத்தனை, ஆணிப்பலகை, கண்ணாடிப் பலகை, கற்றாழை என்று. டியூப்லைட்டின் எண்ணிக்கை நூறு, இருநூறு என்று ஏறிக்கொண்டே போகும். யார் மோதுகிறார்கள் என்பதோடு, எதன் மேல் விழப்போகிறார்கள் என்பதும் பட்டத்தின் பகுதியாகிவிட்டது. பிராஸ் நக்கிள்ஸ் பட்டத்திலிருந்து முள்கம்பியை எடுத்துவிட்டாலும் அது பட்டமாகவே இருந்தது. இதிலிருந்து கண்ணாடியை எடுத்துவிட்டால் எதுவும் மிஞ்சாது.

வேலை நிமித்தம் டோக்கியோவில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது கோராகுஎன் ஹாலில் ஒரு பிக் ஜப்பான் நிகழ்ச்சிக்குப் போனேன். சுய்தோபாஷி நிலையத்தில் இறங்கினால் நடந்துபோகும் தூரம். ஐந்தாம் மாடியில் அரங்கு. லிஃப்ட்டில் கூட்டமாக இருந்ததால் படியேறினேன். படிக்கட்டுச் சுவரெல்லாம் ரசிகர்களின் கிறுக்கல். கடைசிப் போட்டிக்கு முன் விளக்குகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டும் வேலையை இளம் வீரர்கள் செய்தார்கள். ஒரு பையன் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துக் கட்டியதைப் பார்த்தபோது, கல்யாண வீட்டில் தோரணம் கட்டுகிறவர்களின் கவனம்தான் நினைவுக்கு வந்தது. முதல் விளக்கு உடைந்தபோது வந்த ஓசை நான் எதிர்பார்த்ததுபோல் கண்ணாடி நொறுங்கும் ஓசையாக இல்லை; பட்டென்று ஒரு வெடி, அதன்பின் வெள்ளைத் தூள் மேகமாக எழுந்து விளக்கொளியில் மெல்ல இறங்கியது. முன்வரிசையினர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போட்டி முடிந்ததும் அதே பையன் துடைப்பத்தோடு வந்து பெருக்கினான். இரத்தத்தைவிட அந்தத் துடைப்பம்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

#12 மஞ்சள்நாற்காலி

தென்திசை சொன்னதோடு அந்தப் பட்டத்தைக் கட்டிய ஆட்களையும் சேர்க்க வேண்டும். ஷேடோ டபிள்யூஎக்ஸ், பின்னாளில் நியூ ஜப்பானுக்குப் போன டோமோஅகி ஹொன்மா, அமெரிக்காவின் சிசட்டபிள்யூ என்ற டெத்மேட்ச் நிறுவனத்தின் அணியோடு வந்த ஜான் சேண்டிக் எனத் தொடக்கக் காலம் ஓடுகிறது. பிறகு ரியூஜி இட்டோவும் அப்துல்லா கோபயாஷியும் அந்தப் பட்டத்தைப் பல முறை மாறி மாறிக் கட்டி, ஒரு தலைமுறையையே தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். யூகோ மியாமோட்டோ, ஷூஜி இஷிகாவா, இசாமி கோடகா, மசாஷி தகேடா என்று அடுத்த வரிசை. வேல்ஸ் நாட்டவரான ட்ரூ பார்க்கர் கையிலும் அந்தப் பெல்ட் இருந்தது.

2009 நவம்பர் 20 அன்று கோராகுஎன் ஹாலில் இட்டோவும் ஜுன் கசாயும் சவரக்கத்திப் பலகைகளோடு மோதிய போட்டிக்கு டோக்கியோ ஸ்போர்ட்ஸின் ஆண்டுச் சிறந்த போட்டி விருது கிடைத்தது. ஷியோடோமே போட்டி விருது பெற்று அதற்குள் பத்தொன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில்தான் உங்கள் கட்டுரை முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

#13 கூரைமேல்சண்டை

நீங்கள் எல்லாரும் இரத்தத்திலேயே நிற்பதால் மூன்றாவது பெல்ட்டுக்கு வழக்காட நான் வந்தேன். ஹார்ட்கோர் பட்டம் என்ற அமெரிக்கக் கருத்தின் நேர் வாரிசு ஜப்பானில் ஒன்றே ஒன்றுதான். அது டிடிடியின் அயர்ன்மேன் பட்டம்.

காரணம் எளிது. 2000இன் தொடக்கத்தில் டபிள்யூடபிள்யூஎஃப் வீரர் கிராஷ் ஹோலி தம் ஹார்ட்கோர் பட்டத்தை எங்கே வேண்டுமானாலும் எந்நேரமும் காப்பேன் என்று அறிவித்தார். துணி துவைக்கும் கடையிலும் விமான நிலையத்திலும் அவரைத் துரத்தினார்கள். நம்மில் பலருக்கு ஹார்ட்கோர் என்றதும் இன்றும் நினைவுக்கு வருவது அந்த ஓட்டம்தான். அதே ஆண்டில் டிடிடி அந்த விதியை எடுத்துக்கொண்டது. நடுவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். இரவு பகல் பாராமல் எங்கும் சாம்பியனைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணிப் பட்டத்தை வெல்லலாம். முதல் சாம்பியன் பாய்சன் சவாடா பிளாக்.

அமெரிக்கர்கள் இரண்டு ஆண்டில் அலுத்துப்போய் மூடிவிட்டார்கள். டிடிடி அந்த விதியை அதன் எல்லை வரை கொண்டுபோனது. யாரும் வெல்லலாம் என்றால் ஆள்தான் வெல்ல வேண்டுமா? ஓர் ஏணி வென்றது. யோஷிஹிகோ என்ற பொம்மை வென்றது. விலங்குகள் வென்றன. ஹாலிவுட் நடைபாதையில் பதித்திருக்கும் வின்ஸ் மெக்மஹோனின் நட்சத்திரக் கல்லும் வென்றது. ஒரு கட்டத்தில் பெல்ட்டே தன்னைக் கட்டியிருந்தவரை வென்று தானே சாம்பியன் ஆனது. சாம்பியன்களின் வரிசை எண் ஆயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது.

#14 மூன்றாம்எண்ணிக்கை

ஏணி சாம்பியனாவதை வரலாறு என்று எழுதச் சொல்கிறீர்களா? கூரைமேல்சண்டை அவர்களே, அது கேலி. கேலியில் எனக்குப் பகை இல்லை. ஆனால் முதுகில் கண்ணாடி ஏறியவரும் ஏணியும் ஒரே அட்டவணையில் உட்காரக் கூடாது.

#15 கூரைமேல்சண்டை

கேலிதான். ஆனால் வேலிக்கம்பி #4இல் எழுதியதை மறுபடி படியுங்கள். தின்பண்டக் கடையில் கடுகுச் சாஸ் ஜாடி உடைந்தபோது முதலில் சிரிப்பு வரும், பிறகு பயம் வரும், பிறகு இரண்டும் கலக்கும் என்றார். டூப்பலோவில் ஒன்றாக இருந்த அந்த இரண்டும் ஜப்பானில் பாகப்பிரிவினை ஆகிவிட்டன. பயத்தைப் பிக் ஜப்பான் எடுத்துக்கொண்டது. சிரிப்பை டிடிடி எடுத்துக்கொண்டது. 2008இல் டிடிடி வீரர்கள் டோக்கியோவின் ஒரு புத்தகக் கடைக்குள் அலமாரிகளுக்கு நடுவே மோதிக் காட்டினார்கள். சண்டையை ரிங்கிலிருந்து இறக்கிக் கடைக்குள் கொண்டுபோனது ஓனிடாவுக்கு வீரம் என்றால், டிடிடிக்கு மட்டும் ஏன் அற்பம்?

#16 மூன்றாம்எண்ணிக்கை

பாகப்பிரிவினை என்ற சொல் என்னை யோசிக்க வைக்கிறது. அட்டவணை தனியாக இருக்குமானால் எனக்கு மறுப்பில்லை.

#17 வேலிக்கம்பி

ஒரு பெயர் இன்னும் வராததால் எழுதுகிறேன். பழையகேசட் கேட்ட கோட்டைப் பெல்ட் வழியாக இழுக்க முடியவில்லை. ஓர் ஆள் வழியாக இழுக்கலாம். அவர் மிட்சுஹிரோ மட்சுனாகா.

1989 டிசம்பர் 10 அன்று கோராகுஎன் ஹாலில் எஃப்எம்டபிள்யூ முதன்முதலாகக் கயிறில்லாத முள்கம்பிப் போட்டியை நடத்தியது. ஓனிடாவும் கோத்தோவும் ஒரு பக்கம். எதிரே ஜெர்ரி பிளேமனோடு நின்றவர், கராத்தேக்காரராக வந்த மட்சுனாகா. 1992இல் விங் என்ற இன்னொரு டெத்மேட்ச் நிறுவனத்தின் நிகழ்ச்சியில் அதே ஹாலின் மேல்மாடத்திலிருந்து கீழே நின்றவர்கள் மேல் குதித்தவர் அவர். அதே ஆண்டு ஃபுனபாஷியில் மிஸ்டர் போகோவோடு நெருப்புப் போட்டியில் இறங்கியவரும் அவரே. 1998இல் பிக் ஜப்பான் டெத்மேட்ச் பட்டத்தின் முதல் சாம்பியனும் அவர்தான். மிஸ்டர் டேஞ்சர் என்ற தம் பட்டப்பெயரிலேயே டோக்கியோவின் சுமிதா பகுதியில் ஸ்டேக் கடை திறந்து, சண்டைக்குப் பிந்தைய வாழ்க்கையையும் ஓட்டினார்.

முதல் முள்கம்பியில் இருந்தவரே முதல் டெத்மேட்ச் பெல்ட்டையும் கட்டினார். இடையில் கழிந்தவை ஒன்பது ஆண்டுகளுக்கும் குறைவு. நிறுவனங்கள் பெல்ட்டைக் கைமாற்றவில்லை. வீரர்கள் தங்கள் தழும்போடு நிறுவனம் மாறினார்கள்.

#18 பழையகேசட்

வேலிக்கம்பி அண்ணனுக்கு என் நன்றி. கட்டுரையின் தொடக்கத்தை மாற்றிவிட்டேன். பெல்ட் எதுவும் இல்லாத 1989 டிசம்பர் 10இல் தொடங்குகிறேன். பிராஸ் நக்கிள்ஸ் பட்டத்துக்கு ஒரு பகுதி, 1997 கவசாகி இரவோடு அது முடியும். மட்சுனாகா வழியாகப் பிக் ஜப்பானுக்குள் நுழைகிறேன். அயர்ன்மேன் பட்டம் தனி அட்டவணையாக, கூரைமேல்சண்டை எழுதும் முன்குறிப்போடு வரும்.

டபிள்யூஇடபிள்யூவுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். எஃப்எம்டபிள்யூ மூடிய பிறகு அந்தப் பெயரில் நடந்த நிறுவனத்தைக் கட்டிக் காத்த வீரர் கோடோ ஃபுயுகி 2003 மார்ச்சில் புற்றுநோயால் மறைந்தார். அந்த மே 5 அன்று கவசாகியில் ஷின்யா ஹஷிமோட்டோ அவருடைய அஸ்தியை ஏந்தியபடி மின்வெடி முள்கம்பியில் மோதினார். இந்த வரியை எழுதிவிட்டு வெகுநேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

#19 தென்திசை

பிக் ஜப்பான் பகுதியின் கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023இல் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள், பாதரசம் உள்ள டியூப்லைட்டுகளின் உற்பத்தியை 2027 முடிவுக்குள் நிறுத்த ஒப்புக்கொண்டன. பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்ட ஜப்பானிய ஊரின் பெயரில் அமைந்த ஒப்பந்தமே, இந்தப் பெல்ட்டின் முதன்மை ஆயுதத்தையும் நிறுத்தப்போகிறது.

#20 புதிதாய்வந்தவன்

எல்இடி விளக்குகளை வைத்து நடத்த முடியாதா அண்ணா?

#21 தென்திசை

அவற்றில் பலவற்றுக்குப் பிளாஸ்டிக் உறை, தம்பி. அடித்தால் வளையும், உடையாது. அந்த வெள்ளைத் தூளும் வராது. இப்போதைக்குப் பழைய சரக்கை வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு போட்டிக்கு இருநூறு வீதம் அது எத்தனை நாள் வரும் என்பதை மூன்றாம்எண்ணிக்கைதான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.